வீட்டிலும் மூன்று ஷிப்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனியும் ஒரே ஆளை மூன்று ஷிப்டுக்கும் மெஷின் முன்னால் நிறுத்தாது. நிறுத்தினால் யாருடைய விரலாவது போகும் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஒரு நாள் விடுமுறை என்று வரம்பு கட்டியது. அந்தக் கம்பெனியின் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் தொழிலாளியின் அம்மாவோ மனைவியோ, படுக்கையில் விழுந்த ஒருவரை வாரத்தின் 168 மணி நேரமும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு வரம்பு கட்டுவார் இல்லை. அந்த 168 மணி நேரத்தை வீட்டுக்குள் எப்படிப் பங்கு போடுவது, வெளியிலிருந்து என்ன உதவி கிடைக்கும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

பெரியபாளையம் எல்லாபுரம் ஒன்றியத்தின் தலைமையிடம். ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் வாரக்கணக்கில் வேப்பிலை ஆடையும் பொங்கல் பானையுமாகக் கூட்டம் நெரியும். ஒரு பக்கம் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் கன்னிகைப்பேர், ஜனப்பன்சத்திரம், செங்குன்றம் வழியாகச் சென்னை. பெரியவர்கள் நெல்லும் காய்கறியும் பூவுமாக நிலத்தைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். இப்படி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒருவருக்கு மூளையிலோ நரம்பிலோ நோய் வந்தால், அநேகமாக ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருகிறார். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவாக அது இருப்பதில்லை. முதல் வாரம் அவர் பார்த்துக்கொண்டார், அதுவே நிரந்தரமாகிவிடுகிறது.

நான்கு நோய், நான்கு விதமான வேலை

பங்கு போடுவதற்கு முன் எந்த நோய் எந்த நேரத்தில் எவ்வளவு வேலை வைக்கும் என்பது தெரிய வேண்டும்.

ஊரில் "கை கால் விழுந்துடுச்சு" என்று சொல்லும் பக்கவாதம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அதற்குப் பிந்தைய முதல் 3 மாதங்களில் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது என உடலுழைப்பு மிக அதிகம். பிறகு பெரும்பாலானோருக்கு ஓரளவாவது தெளிவு வரும், வேலையும் மாறும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. "ஒத்துழைக்க மாட்டேங்கிறார், வேணும்னே படுத்தே கிடக்கிறார்" என்று வீட்டார் சலித்துக்கொள்ளும் இடத்தில் பல நேரம் இருப்பது இந்த மனச்சோர்வுதான். அதற்கு மருந்து உண்டு. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் ஆண்டுக்கணக்கில் நகரும். இங்கே கடிகாரம்தான் எஜமான். லெவோடோபா மாத்திரை குறித்த நேரத்தில் போனால்தான் அடுத்த சில மணி நேரம் நடையும் பேச்சும் ஓடும். சாப்பாட்டில் உள்ள புரதம் இந்த மருந்து உடலில் ஏறுவதற்குப் போட்டியாக நிற்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்வது வழக்கம். பூனைக்காலி விதையிலும் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைப் பொடியை டாக்டருக்குத் தெரியாமல் கூடச் சேர்த்தால் அளவு கூடிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மறதி நோயான டிமென்ஷியாவில் தூக்கும் வேலை பின்னால்தான் வரும். முதலில் வருவது கண்காணிப்பு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலர் பகலில் சாதுவாக இருந்து, பொழுது சாயும் நேரத்தில் பதறத் தொடங்குவார்கள். அப்படியானால் அந்த வீட்டின் கடினமான ஷிப்டு மாலை 5 முதல் 9 வரை.

வலிப்பு நோய் நாளெல்லாம் வேலை வைக்காது. ஆனால் எந்த நேரமும் வரலாம் என்ற பயத்திலேயே வீட்டை வைத்திருக்கும். வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பக்கத்தில் உள்ள கூரான பொருட்களை அகற்றுவது, தலைக்கு அடியில் துணி வைப்பது, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பது, நேரம் பார்ப்பது. கையில் சாவிக்கொத்தும் இரும்புக் கம்பியும் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அதுவாக நிற்கும் நேரத்தில் நிற்கிறது. வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கால அட்டவணை

உதாரணத்துக்கு ஒரு வீட்டைக் கொள்வோம். இது குறிப்பிட்ட யாருடைய வீடும் அல்ல. ஆனால் இந்தப் பகுதிக்குப் பழக்கமான அமைப்புதான். 68 வயது அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி, சர்க்கரை. மகனுக்குச் சிப்காட்டில் வாரம் மாறும் ஷிப்டு. மருமகளுக்கு ஒரு கம்பெனியில் காலை முதல் மாலை வரை வேலை. பேத்தி ஒன்பதாம் வகுப்பு. மகளைக் கட்டிக்கொடுத்தது அம்பத்தூரில்.

முதல் மாதம் எல்லாவற்றையும் அம்மாவே செய்தார். இரண்டாம் மாதம் அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்கும்போது அவருக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு வாங்கினார்கள்.

நோட்டில் முதலில் எழுதியது ஆட்களின் பெயரை அல்ல, வேலைகளை: மாத்திரை மூன்று வேளை, சாப்பாடு நான்கு வேளை, குளியல், மலம் சிறுநீர், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, பயிற்சி இரண்டு வேளை, துணி துவைப்பது, மருந்து வாங்குவது, ஆஸ்பத்திரி. பிறகு எதற்குப் பலம் வேண்டும், எதற்குப் பொறுமை வேண்டும், எதற்குப் பணம் மட்டும் போதும் என்று பிரித்தார்கள்.

பலம் வேண்டிய குளியலும் இறக்கி ஏற்றுவதும் மகனுக்குப் போயின. நைட் ஷிப்டு முடிந்து வரும் வாரத்தில் தூங்கப் போகுமுன் அதை முடித்துவிடுவார். காலை ஷிப்டு வாரத்தில் குளியலே மாலைக்கு மாறிவிடும். காலையில்தான் குளிக்க வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இரவு 10 வரை மருமகள், அதற்குப் பின் வீட்டில் இருக்கும் வாரமெல்லாம் மகன். பகல் சாப்பாடும் மாத்திரையும் அம்மா. பேத்தி மாலையில் தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறாள், அடுத்த நாள் மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைக்கிறாள். பாட்டி ஒருமுறை சரிபார்க்கிறார். இரவு விழிப்பும் கழிவறை வேலையும் அவளுக்குக் கிடையாது. பள்ளிக்கு மட்டம் போடுவதும் கிடையாது.

அம்பத்தூர் மகள்தான் சிக்கலாக இருந்தார். "நான் வந்து பண்ண முடியலையேம்மா" என்று போனில் அழுவார், இவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். டயபர் செலவும் பிசியோ கட்டணமும் அவருடையது, மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் வந்து இருப்பது, அந்த ஞாயிறுகளில் அம்மா வீட்டை விட்டு வெளியே போய்விடுவது என்று முடிவான பிறகு அழுகையும் குறைந்தது, எரிச்சலும் குறைந்தது. அம்மா வெளியே போவது என்றால் தங்கை வீடோ, கோயிலோ, சும்மா எங்காவதோ. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு ஓய்வெடுப்பது நடக்காத காரியம். கூப்பிடு குரல் கேட்கும்.

கூடப்பிறந்தவர்களில் ஒருவர் எதற்குமே வராமல் ஒதுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுப்பு வைக்கிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச் சொல்லலாம். கேஸ் போடுவது கடைசி வழி. சட்டம் இருக்கிறது என்று குடும்பப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்வதிலேயே பல இடங்களில் காரியம் நடந்துவிடும்.

கைப்பழக்கம்: முதுகையும் மூச்சையும் காப்பாற்றுவது

பராமரிப்பவரின் இடுப்பு ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் எடையைவிட முறைதான். நோயாளியைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. விழுந்த பக்கத்துத் தோள் எளிதில் நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். மெத்தை மேல் குறுக்காக ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்து வைத்தால், இரண்டு பேர் இரு ஓரத்தைப் பிடித்து அவரை மேலே நகர்த்தலாம், திருப்பலாம். நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை நல்ல பக்கத்தில் போட வேண்டும். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து இடுப்பை அமுக்கும். பலகைக் கட்டில் நல்லது. பிட்டம், இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய மூன்று இடத்தையும் தினமும் குளியலின்போது பார்க்க வேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாடு ஊட்டுவதில்தான் அதிகம் பயம். விழுங்கும் தசை பலவீனமானவருக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீரும் ரசமும்தான் புரையேறும். பலர் நினைப்பதற்கு நேர்மாறு. நேராக உட்கார வைத்து, நாடியைச் சற்றே கீழே தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். ஒரு வாய் இறங்கியதும் "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்பது நல்ல பழக்கம். குரல் ஈரமாகக் கரகரத்தால் உணவு இன்னும் தொண்டையில் நிற்கிறது. முடிந்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்தை விரலில் துணி சுற்றித் துடைக்க வேண்டும்; அங்கே ஒரு கவளம் சோறு அப்படியே ஒதுங்கியிருக்கும், அவருக்கு அது தெரியாது. பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு வேளையும் இருமல் வந்தால், காய்ச்சல் அடிக்கடி வந்தால், குழாய் வழி உணவு தேவையா என்று டாக்டரிடம் கேட்கும் நேரம் அது.

மழைக்காலத்துக்கென்று இந்தப் பக்கத்தில் தனியாக ஒரு விதி உண்டு. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றில் வெள்ளம் வரும், தரைப்பாலங்கள் மூழ்கும். ஐப்பசி தொடங்குமுன்பே 15 நாள் மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையும் பார்கின்சன் மாத்திரையும் ஒரு நாள்கூடத் தடைபடக் கூடாதவை.

குற்ற உணர்ச்சிக்கு ஒரு பதில்

"நாம இன்னும் நல்லா பயிற்சி கொடுத்திருந்தா எழுந்து நடந்திருப்பாரோ?" பக்கவாதக்காரர் வீட்டில் நள்ளிரவில் வரும் கேள்வி இது. இதற்கு இந்தியாவிலிருந்தே பதில் கிடைத்திருக்கிறது. நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, இறப்பிலோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலோ இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

பயிற்சியே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டின் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு, குணமாகவில்லை என்று குடும்பத்தையே குறை சொல்ல முடியாது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. மூட்டு இறுகாமல் இரண்டு வேளை கை காலை மடக்கி நீட்டுவது வீட்டார் வேலை. அதற்கு மேல் நடப்பது மூளையில் எந்த இடம், எவ்வளவு பாதித்தது என்பதைப் பொறுத்தது.

வீட்டார் கையில் நிச்சயமாக இருப்பது அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதும், வந்தால் நேரத்தை வீணாக்காமல் இருப்பதும். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு, அதுவும் தலையை ஸ்கேன் எடுத்த பிறகே போடுவார்கள். ஆகவே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ நேராகப் போக வேண்டும். புறா ரத்தம் தேய்க்க யாரிடமாவது அழைத்துப் போனால் அந்த நான்கரை மணி நேரம் வழியிலேயே முடிந்துவிடும். கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கூடப் போகிறவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரின் முதல் கேள்வி அதுதான்.

"வூட்டுக்குப் போவணும்"

சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "நான் வூட்டுக்குப் போவணும்" என்பார் மறதி நோயுள்ள மாமியார். "இதான் அத்தை உங்க வீடு" என்று மருமகள் பத்து தடவை விளக்கினால் பதினோராவது தடவை சண்டையில் முடியும். விவாதத்தில் ஜெயிக்க அவருக்கு நினைவு இல்லை. தோற்பதை ஏற்கவும் நினைவு இல்லை. "போலாம் அத்தை, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று பேச்சை நகர்த்துவது பொய் சொல்வதாகாது. அந்த நேரத்தின் பதற்றத்துக்கு அதுவே வைத்தியம். "என் சங்கிலியை எடுத்துட்டா" என்று பழி போடும்போது மனம் புண்படும். அப்போதும் "வாங்க, தேடுவோம்" என்று கூடத் தேடுவதுதான் நல்லது.

ஆடி மாதக் கூட்டத்தில் இவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து, வாரநாளில், கூட்டம் குறைந்த வேளையில் போகலாம். கை பிடிக்க ஒருவர், பொங்கல் வைக்க வேறொருவர் என்று பிரிந்துகொள்ள வேண்டும். போன் நம்பர் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருந்தால் விழுந்துவிடும். கழுத்துக் கயிற்றிலோ வளையலிலோ இருக்கட்டும். புறப்படுமுன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், காணாமல் போனால் அன்றைய உடையோடு காட்டலாம்.

பார்த்துக்கொள்பவரின் உடம்பு

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக நான்சி மேஸும் பீட்டர் ராபின்ஸும் 1981-இல் எழுதிய நூலின் பெயரே "36 மணி நேர நாள்" என்பது. அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்டீவன் ஜாரிட் என்ற உளவியலாளர் பராமரிப்பவரின் சுமையை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இன்றைக்கும் 22 கேள்விகளோடு அது பயன்பாட்டில் இருக்கிறது. 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு இன்னும் கடுமையான சேதியைச் சொன்னது: வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் மன அழுத்தமும் அடைந்த முதியவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 4 ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம்.

பெரியபாளையத்து வீட்டில் கேள்விப் பட்டியல் தேவைப்படாது. தன் சர்க்கரை மாத்திரையை மறப்பது, விடியற்காலை 3 மணிக்கு விழித்து மறுபடி தூங்காமல் கிடப்பது, காரணமில்லாமல் அழுகை, "இவர் போய்ச் சேர்ந்தா தேவலை" என்ற நினைப்பு, அந்த நினைப்புக்காக வெட்கம், கை ஓங்கிவிடுவது. இவற்றில் ஏதாவது இரண்டு அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உதவி தேடும் நேரம் வந்துவிட்டது. 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கை ஓங்கிவிட்டால் அந்த நிமிடமே அறையை விட்டு வெளியே வந்து, வேறொருவரைக் கூப்பிட வேண்டும். இப்படி ஒரு நேரம் வரும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் குடும்பத்தில் அந்தப் போன் சங்கடமில்லாமல் போகும்.

பேசுவதால் பயன் உண்டா? கோவாவில் டிமென்ஷியா நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களிடம் சோதித்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்குப் போய் நோயை விளக்கினார்கள், மற்ற உறவினரை வேலையில் சேர்த்துக்கொள்ள உதவினார்கள், அரசு உதவிக்கு வழி காட்டினார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பு முதியோர் மறதி நோய்க்கென டெம்கேர்ஸ் என்ற பிரிவை நடத்துகிறது. கேரளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர்ஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

வீட்டு வாசலுக்கு வருவது

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து, "படுக்கையில இருக்கார், பிசியோ வேணும்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கிராம சுகாதார செவிலியருக்கு வீட்டின் நிலைமை தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம் எல்லாம் அதில் அடக்கம். "இது வியாதிதானே, ஊனமா?" என்று தயங்கி மாற்றுத்திறனாளி அட்டை எடுக்காதவர்கள் நிறைய. அந்த அட்டை இல்லாமல் எதுவும் நகராது. திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து, மருத்துவச் சான்றோடு தேசிய அடையாள அட்டை பெற வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பார்கின்சன், தசைச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்கும் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதே அலுவலகத்தில், கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு என்ன உதவி உண்டு என்றும் கேட்டுவிட்டு வர வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

சிப்காட் தொழிலாளிகளுக்கு இன்னொரு வழி இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களின் மனைவி, பிள்ளைகள் மட்டுமல்லாமல் அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அதில் சிகிச்சை பெறலாம். அப்பா அம்மா பெயர் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று எச்ஆரிடம் இன்றே கேட்பது நல்லது. தொழிலாளிக்கே பக்கவாதமோ பார்கின்சனோ வந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு நீண்டகால நோய்க்கான சம்பள உதவியும் உண்டு. இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு, ஊனமுள்ள குடும்பத்தினரைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாய், கடுமையான ஊனமானால் 1,25,000 ரூபாய் கழிவு.

பார்த்துக்கொள்வதற்கென்று தனி விடுப்பு மட்டும் இங்கே தனியார் தொழிலாளிக்குச் சட்டப்படி இல்லை. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவருக்கு 93 நாள் வரை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு வாரம், சம்பளமில்லாமல். இங்கே இருக்கும் ஒரே வழி ஷிப்டு மாற்றிக்கொள்வது. நிரந்தரமாக ஒரே ஷிப்டு கேட்டு, மருத்துவச் சான்றின் நகலோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுப்பது, வாய்வார்த்தையாகச் சூப்பர்வைசரிடம் கெஞ்சுவதைவிடப் பலன் தரும்.

சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிந்தவர்கள், "ஹோம் நர்ஸ்" என்று வருகிறவர் பயிற்சி பெற்றவரா என்று முதலில் கேட்க வேண்டும், பலர் உதவியாளர்கள்தான். ஆதார் நகல் வாங்குவது, எந்த வேலை அவருடையது என்று எழுதிக் கொடுப்பது, முதல் வாரம் கூட இருந்து பழக்குவது இவையெல்லாம் அடிப்படை. அவருக்கும் இரவில் தொடர்ந்து தூங்கச் சில மணி நேரமும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. வீட்டுப் பெண்ணின் முதுகிலிருந்து இறக்கிய சுமையை இன்னொரு வீட்டுப் பெண்ணின் முதுகில் அப்படியே ஏற்றினால் மூன்றாம் மாதம் அவர் சொல்லாமல் போய்விடுவார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று. ஒரு நோட்டு வாங்கி வேலைகளை எழுதுங்கள். அதில் மாதத்துக்கு இரண்டு நாளாவது, முக்கியமாகப் பார்த்துக்கொள்பவரின் பெயர் இல்லாத நாளாக வையுங்கள். நோயாளிக்கு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, போகிறவரும் தன் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு வரட்டும். அந்தச் சோதனைக்கு அங்கே காசு வாங்குவதில்லை.